விந்தைக் கோடுகளும் விடுதலை உணர்வும்

(செட்டிகுளத்தில் நடைபெற்ற நம் கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். இட ஒதுக்கீடு, உதவித்தொகை, போட்டித் தேர்வு ஆகியவற்றை நம்மினும் நன்கறிந்த அறிஞர்கள் இம்மேடையிலேயே வீற்றிருக்கின்றனர். ஆகவே, கல்விக் கூட்டங்களில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பொருளை இன்று எடுத்துக்கொள்ள விழைகின்றோம். அது சித்திரம். அதிலும், கண்டவுடன் "இதென்ன விந்தை!" என்று புருவத்தை உயர்த்தச் செய்யும் சித்திரம், யானைக்குச் சிறகு முளைத்த சித்திரம், இரயில் பாம்பாய் நெளியும் சித்திரம். இத்தகைய படங்களைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்குவோர் நம்மில் மிகுதி. அவ்விளையாட்டிற்குள் எத்துணைப் பெரிய உண்மை அடங்கக்கூடும் என்பதற்கு ஒரு நூலைச் சான்றாக உங்கள்முன் வைக்கின்றோம்.

2011ஆம் ஆண்டில் நவயானா பதிப்பகம் 'பீமாயணா' என்னும் சித்திர நூலை வெளியிட்டது. பின்னர் இது 'பீமாயணம்' என்று தமிழிலும் வந்தது. அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வில் தீண்டாமையால் பட்ட துயரங்களை 'விசாவிற்காகக் காத்திருத்தல்' என்ற பொருள்படும் தலைப்பில் தாமே எழுதிவைத்தார் அல்லவா? அவற்றை அடிப்படையாகக் கொண்டு ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த் ஆகிய இருவர் கதையை அமைத்தனர். படங்களை வரைந்தவர்கள் துர்காபாய் வியாம் அம்மையாரும் அவர்தம் கணவர் சுபாஷ் வியாம் அவர்களும் ஆவர். இவ்விருவரும் மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு பழங்குடியைச் சேர்ந்தவர்கள். துர்காபாய் அம்மையார் பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதியாதவர். எழுத்தறியாத ஒரு தாய், இந்தியாவின் தலைசிறந்த கல்விமான்களுள் ஒருவரான அண்ணலின் வரலாற்றைக் கோடுகளால் எழுதினார் என்றால், கல்வி என்ற சொல்லின் எல்லையைச் சற்றே அகலப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

சித்திரக் கதைகள் எவ்வாறு அமையும் என்பது நீங்கள் அறிந்ததே. பக்கத்தைக் கட்டங்கட்டமாகப் பிரிப்பர். ஒவ்வொரு கட்டத்திற்குள்ளும் மாந்தரை அடைப்பர். பேச்சை ஒரு முட்டை வடிவிற்குள் எழுதுவர். வியாம் தம்பதியர் கட்டத்தை ஏற்க மறுத்துவிட்டனர். கட்டத்திற்குள் மனிதரை அடைத்தால் அவர்களுக்கு மூச்சு முட்டும் என்பது அவர்கள் கருத்து. சேரி என்றும் ஊர் என்றும் கோடு கிழித்து வாழவைக்கப்பட்ட நமக்கு இக்கருத்தின் பொருளை விளக்கவேண்டியதில்லை. கட்டத்திற்கு மாறாக அவர்கள் கையாண்டது 'திக்னா' என்ற கோலம். கோண்டு வீடுகளின் மண்தரையிலும் சுவரிலும் பெண்கள் வழிவழியாக இடும் அணிக்கோலம் அது. நம் இல்லத்து மகளிர் நாள்தோறும் வாசலில் இடும் கோலம் எவ்வாறு வளைந்து வளைந்து ஓடுகின்றதோ, அவ்வாறே அந்த நூலின் பக்கங்களை வளைந்த கோலப்பட்டைகள் பிரித்தும் பிரிக்காமலும் செல்கின்றன. சாணமிட்ட தரையிலிருந்து எழுந்த ஒரு வடிவம் உலக நாடுகளின் புத்தகக் கடைகளில் ஏறிற்று.

இனி, பேச்சு வடிவங்களைக் காண்போம். அந்த நூலில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் அன்புடையோரும் பேசும்போது அவர்கள் சொற்கள் பறவை வடிவிற்குள் எழுதப்பட்டுள்ளன. சாதிச்செருக்குடன் ஒருவன் பேசும்போது அவன் சொற்களைச் சூழ்ந்த வடிவத்தின் முனையில் தேளின் கொடுக்கு வளைந்து நிற்கின்றது. படிக்கத் தெரியாத குழந்தையும் அப்பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்தச் சொல் பறக்கின்றது, எந்தச் சொல் கொட்டுகின்றது என்று அறிந்துகொள்ளும். "வாடா, போடா" என்று நம் பாட்டனாரை அவர் பேரன் வயதுச் சிறுவன் அழைத்த காலத்தை இவ்வவையின் முதியோர் அறிவர். அச்சொல்லின் ஒலியை எழுத்திற் கொண்டுவருவது அரிது. ஒரு கொடுக்கு அதைக் கொண்டுவந்துவிட்டது!

அண்ணல் சாத்தாராவில் பள்ளிச் சிறுவராக இருந்தபோது தண்ணீர்க் குழாயைத் தாமே தொட உரிமையற்றிருந்தார். பள்ளிப் பணியாள் வந்து திறந்துவிட்டால் நீர். அவர் வாராத நாளில் தாகம். 1901இல் தந்தையாரைக் காணக் கோரேகானுக்குப் புறப்பட்ட பயணத்தில், மசூர் இரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவர்களின் சாதியை அறிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்றிச்செல்ல மறுத்தனர். இருமடங்கு கூலி தந்து, வண்டியைச் சிறுவர்களே ஓட்ட, வண்டிக்காரன் உடன் நடந்து வந்தான். கையில் உணவிருந்தும் குடிக்க நீரின்றி அவ்விரவைப் பட்டினியாய்க் கழித்தனர். இந்நிகழ்ச்சியைக் கேளாத பிள்ளை நம் குடும்பங்களில் இல்லை. ஆனால், துர்காபாய் அம்மையாரும் சுபாஷ் அவர்களும் அத்தாகத்தை எவ்வாறு காட்டினார்கள் தெரியுமா? தவிக்கும் சிறுவனை மீனோடு இணைத்துவிட்டார்கள். நீரின்றித் துடிக்கும் மீனைக் கண்டிராத கண் எது? அவர்களை ஏற்றிவந்த இரயில் ஒரு பாம்பு. 1934இல் தௌலதாபாத்தில், நீரைத் தீட்டுப்படுத்தினர் என்று அண்ணலும் தோழர்களும் தடுக்கப்பட்டனரே, அந்தக் கோட்டை ஒரு கொடிய விலங்கு. 1927 மார்ச்சுத் திங்களில் மகாடு சவுதார்க் குளத்தில் நீர் எடுக்கும் உரிமைக்காக அண்ணல் மக்கள்முன் முழங்கியபோது, ஒலிபெருக்கிகள் பூவாளிகளைப்போல் நீரைத் தெளிக்கின்றன. தாகத்தில் தொடங்கிய கதை, பேச்சே நீராக மாறும் இடத்தை அடைகின்றது. நிழற்படக் கருவியைக் கொண்டு இதைச் செய்ய இயலுமா? இயலாது. உண்மையை உள்ளபடி காட்ட அஃது உதவும். உண்மை நெஞ்சில் எவ்வாறு தைத்தது என்பதைக் காட்ட இத்தகைய கோணல் வடிவமே உதவுகின்றது.

இக்கலைஞர்களின் பின்னணியும் நம் சிந்தனைக்குரியது. பர்தான்கள் தொன்றுதொட்டுப் பாணர்கள். 'பானா' என்னும் நரம்புக்கருவியை இசைத்து, பெருந்தேவரையும் கோண்டுக் குடிகளின் குலவரலாற்றையும் பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்தவர்கள். ஆதரிப்போர் அருகிய பிறகு கூலி வேலையையே நம்பினர். அவ்வினத்தில் பத்தாங்கர் என்ற சிற்றூரில் பிறந்த ஜங்கர் சிங் ஷியாம் என்ற இளைஞர் மண்சுவரில் வரைந்திருந்த படங்கள், போபாலின் பாரத் பவனுக்காகக் கலைஞர்களைத் தேடி அலைந்த ஓவியர் ஜெ. சுவாமிநாதன் குழுவினரின் கண்ணிற்பட்டன. 1982இல் அக்கலைக்கூடம் திறக்கப்பட்டது. ஜங்கரின் ஓவியங்களும் உலகறிந்தன. 1989இல் பாரிசு மாநகரத்தின் பெருங்கண்காட்சியில் அவர் படைப்புகள் இடம்பெற்றன. பாட்டாக இருந்த கலை புள்ளியாகவும் கோடாகவும் பிறவியெடுத்தது. அவர் தம் வீட்டிற்கு உறவினரை வரவழைத்து, வண்ணமும் தூரிகையும் தந்து பழக்கினார். துர்காபாயும் சுபாஷும் அவ்வாறு வந்தவர்களே. ஒருவர் ஏறியதும் ஏணியை இழுத்துக்கொள்ளாமல் பத்துப்பேரை ஏற்றிவிட்டார் என்பதைச் சங்கம் நடத்தும் நாம் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

அவ்வாறு வந்த மற்றொருவர் பஜ்ஜு ஷியாம். போபாலில் இரவுக் காவலாளியாகவும் மின்பணியாளராகவும் உழைத்துக்கொண்டிருந்தவர். இலண்டன் மாநகரின் ஓர் இந்திய உணவகத்துச் சுவர்களில் ஓவியம் தீட்டுவதற்கு அழைக்கப்பட்டு, இரண்டு திங்கள் அங்குத் தங்கினார். ஆங்கிலம் அறியார், விமானம் ஏறியறியார். திரும்பி வந்து தாம் கண்ட இலண்டனை வரைந்தார். சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் அதை 'இலண்டன் வனநூல்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் வெளியிட்டது.

அந்த நூலைப் புரட்டும்போது நமக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடிப்பதற்குள் சிந்தனை வரும். பெரிய உடலுடன் விமானம் வானில் எழுவது அவருக்கு யானை பறப்பதாய்த் தோன்றிற்று. ஆதலால் யானைக்குச் சிறகு வைத்தார். பிக் பென் மணிக்கூண்டையும் நம்மூர்ச் சேவலையும் ஒன்றாக இணைத்தார். இரண்டும் பொழுதை அறிவிப்பவை அல்லவா? சுரங்க இரயிலை மண்புழுவாக்கினார். அவர் குலக்கதைகளில் பாதாளத்தை ஆள்வது மண்புழு. நாள்தோறும் தம்மைத் தவறாமல் இருப்பிடம் சேர்த்த 30ஆம் எண் பேருந்தை நன்றியுள்ள நாயாக வரைந்தார். பொழுது சாய்ந்ததும் மதுக்கூடங்களை மொய்க்கும் ஆங்கிலேயர்களை வௌவால்களாக்கினார்! இருநூறு ஆண்டுகள் நம் நாட்டுப் பழங்குடிகளை அளந்தும் படம்பிடித்தும் "இவர்கள் இப்படிப்பட்டவர்கள்" என்று நூல்கள் எழுதிக் குவித்த நாட்டை, ஒரு பழங்குடிக் காவலாளி தம் காட்டின் கண்கொண்டு அளந்து திருப்பித் தந்தார். ஆங்கிலேயர் சினங்கொள்ளவில்லை, விரும்பி வாங்கினர். 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. துர்காபாய் அம்மையார்க்கு அவ்விருது 2022இல் வந்தது.

இவர்களும் ராம் சிங் உர்வேதி என்பவரும் சேர்ந்து மரங்களின் இரவு வாழ்வைப்பற்றி வரைந்த நூல் 2006இல் வந்தது. கருந்தாளில், பட்டுத்திரை அச்சு முறையில், ஒவ்வொரு வண்ணத்தையும் கையாலேயே அழுத்தி அச்சிட்ட நூல் அது. இத்தாலியின் பொலோனா நகரச் சிறுவர் நூற்கண்காட்சியில் 2008இல் பரிசும் பெற்றது. அச்சிட்டவர்கள் சென்னையிலுள்ள ஒரு கைத்தொழிற் பட்டறையின் தமிழ்த் தொழிலாளர்கள். படம் கோண்டுவனத்தது, வேர்வை நம்முடையது. விழா மேடைகளில் அச்சகத் தொழிலாளரை எவரும் நினைப்பதில்லை என்பதாற் சொல்லிவைக்கின்றோம்.

சிறகுள்ள யானை என்றோமே, யானைகள் ஒருகாலத்தில் பறந்து திரிந்தன என்னும் கதை கோண்டு மக்களிடம் உண்டு. நடு இந்தியப் பழங்குடிகளின் இத்தகைய கதைகள் அவர்கள் ஓவிய முறையிலேயே அசையும் சித்திரப்படங்களாகவும் ஆக்கப்பட்டுள்ளன. இன்று அனிமேஷன் என்று இளைஞர்கள் அழைக்கும் இக்கலை மேல்நாட்டுச் சரக்கு என்றெண்ணி மலைக்க வேண்டா. ஒன்றிலிருந்து ஒன்று சிறிதே மாறுபட்ட 24 படங்கள் ஒரு நொடியில் கண்முன் ஓடினால் ஓவியம் நடக்கத் தொடங்கும், அடிப்படை அவ்வளவே. 1926இல் லாட்டே ரைனிகர் என்ற செருமானியப் பெண்மணி கருந்தாளில் உருவங்களைக் கத்தரித்து, கைகால் மூட்டுகளை இணைத்து, ஒளியூட்டிய கண்ணாடியின்மேல் வைத்துச் சிறிது சிறிதாய் நகர்த்திப் படமெடுத்து, ஒரு மணி நேரத்திற்கும் மேலாக ஓடும் முழுநீளச் சித்திரப்படத்தை உருவாக்கினார். நம் தோற்பாவைக் கூத்தைப் பார்த்தவர்க்கு இதில் என்ன வியப்பு? திரைக்குப் பின்னே விளக்கு. இடையே மூட்டசையும் பாவை. தோலைத் தொட்டவரைத் தொடலாகாது என்று விதித்த இதே நாட்டில், அத்தோலில் இராமனையும் சீதையையும் வெட்டி ஒளியிற் காட்டியபோது கன்னத்திற் போட்டுக்கொண்டனர். இதையும் ஒரு விந்தைச் சித்திரம் என்றே கொள்ளலாம்.

தொலைதூரம் சென்றுவிட்டோம், நம் மண்ணிற்கு வருவோம். விந்தை வடிவங்களுக்குச் செட்டிகுளத்தில் பஞ்சமில்லை. குன்றின்மேல் நிற்கும் தண்டாயுதபாணியின் கையிற் கரும்பு; முருகனுக்குக் கரும்பேந்தும் கோலத்தை எண்ணியவன் உழவர் மனத்தை அறிந்தவனாதல் வேண்டும். நம் ஆலத்தூர் வட்டத்திலேயே சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்திற்கு மரம் ஒன்று கல்லாய்க் கிடக்கின்றது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டதென்று கணிக்கப்படுகின்றது. அக்காலத்தில் இப்பகுதி கடல். காரை ஊர்ப்பக்கத்துச் செம்மண் ஓடைகளில் ஆட்டுக் கிடாயின் கொம்பு போலச் சுருண்ட கடலுயிரின் கல்வடிவங்கள் கிடைத்துள்ளன. அச்சுருளை ஒருமுறை கையால் வரைந்து பார்த்தவர்க்கு அதன் கணக்கும் அழகும் புலப்படும். பச்சைமலையடி அரும்பாவூரில் ஒரே மரத்துண்டில் யாளியும் தேர்ச்சிற்பமும் செதுக்குகின்றனர். 2020இல் அம்மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. யாளி என்பதென்ன? சிங்கமுகத்தில் யானைத் துதிக்கை! நம் கோயில் தூண்களில் நின்றால் அது திருப்பணி. நம் பிள்ளையின் குறிப்பேட்டில் வந்தால் கிறுக்கலோ?

இக்கேள்விக்குக் காரணம் உண்டு. அண்மையில் மாலை வகுப்பில் ஒரு சிறுமி வயலிற் கண்ட வெங்காயப் பட்டறையை வரைந்திருந்தாள். சின்ன வெங்காயத்தைச் சேமிக்கக் கழிகள் நட்டு, ஓலை வேய்ந்து, நீளமாய்ப் போடும் பட்டறையை இங்குள்ள யாவரும் அறிவர். அவள் படத்தில் அப்பட்டறை ஒரு மரவட்டை. கழிகள் எல்லாம் கால்கள். வயிறு நிறைய வெங்காயம். அதன் வாயருகே ஒரு பெண் குந்தியிருந்து தாள் அரிந்துகொண்டிருக்கிறாள். பெரியவர் ஒருவர், "பட்டறைக்கு ஏது கால்? ஒழுங்காய் வரை, அம்மா" என்று கடிந்துகொண்டார். சிறுமி சொன்ன விடை இது: "எங்க அம்மா அரியறத எல்லாம் இது தின்னுட்டு, வெல ஏறுற வரைக்கும் படுத்துக் கெடக்குதுங்க." ஒரு பொருளாதார நூல் பத்துப் பக்கத்திற் சொல்லும் செய்தி அது. கூலிக்கு அரிபவர் ஒருவர், விலைக்குக் காத்திருப்பவர் வேறொருவர் என்பதை அச்சிறுமி மரவட்டையின் வயிற்றில் வைத்துவிட்டாள். பெரியவர்மீது குறையில்லை, படிப்புக் கெட்டுவிடுமோ என்ற கவலை அவரைப் பேசவைத்தது.

அக்கவலையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. "படம் போட்டால் சோறு கிடைக்குமா?" என்று கேட்பதற்கு, பட்டினி கண்ட குடும்பங்களுக்கு முழு உரிமை உண்டு. அதனினும் ஆழமான ஐயம் ஒன்றும் உண்டு. கைத்தொழிலும் கலையும் நமக்கு விருப்பத்தால் வாய்த்தவை அல்ல, சுமத்தப்பட்டவை. சாவு வீட்டிற்குப் பறையடிக்க வாரோம் என்று பல ஊர்களில் நம் முன்னோர் உறுதி பூண்டு, அதற்காக அடியும் உதையும் பட்டனர். அவர்கள் பறையை இறக்கி வைத்ததால் பேரர்கள் புத்தகத்தை எடுத்தனர். அப்படியிருக்க, மீண்டும் கலையின் பக்கம் பிள்ளைகளை ஏன் திருப்ப வேண்டும்?

நம் எண்ணம் இது. அன்று இறக்கி வைத்தது கட்டாயத்தை. அதே பறையைத் தம் விருப்பத்தால் தோளில் ஏற்றி, நாட்டின் மேடைகளில் நிமிர்ந்து நின்று முழக்கிய மதுரை வேலு ஆசான் அவர்களுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அழைத்தவன் ஏவ அடிப்பதும், தன் நெஞ்சம் ஏவ அடிப்பதும் ஒரே ஒலியைத் தந்தாலும் ஒரே செயலாகா. எனினும் விருதுகளை மட்டும் காட்டி உங்களை மயக்க நாம் விரும்பவில்லை. அத்தனைபேரை ஏற்றிவிட்ட ஜங்கர் சிங் ஷியாம், 2001இல் ஜப்பானிலுள்ள ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி ஓவியம் வரைந்துகொண்டிருந்தபோது, தாயகத்தினின்றும் வெகுதொலைவில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நாற்பது அகவையளவில் இருந்தார். உலகப்புகழ் அவரைக் காக்கவில்லை. ஆகையால், கலைக்கு வரும் நம் பிள்ளை ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்தவனாக, தன் படத்திற்குத் தன் பெயர் இருக்கவேண்டும் என்று கேட்கத் தெரிந்தவளாக வருதல் வேண்டும். 'பீமாயணா'வின் அட்டையில் எழுதியவர் பெயரோடு வரைந்தவர் பெயரும் இருக்கின்றது. அதுவே முறை. தூரிகையோடு சட்ட அறிவையும் கணக்கையும் சேர்த்துக் கொடுப்பது சங்கத்தின் கடமைகளுள் ஒன்றாகட்டும்.

வழிகள் இல்லாமற் போகவில்லை. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. சென்னைக் கல்லூரி 1850இல் தோன்றிய பழமை வாய்ந்தது. மாமல்லபுரத்தில் அரசு சிற்பக்கலைக் கல்லூரி உண்டு. சென்னைத் தரமணியிலுள்ள அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷனுக்கென்றே பட்டப்படிப்பு நடைபெறுகின்றது. அகமதாபாத்தில் 1961இல் நிறுவப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பட்டியல் சாதியினர்க்கு 15 விழுக்காட்டு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் உள்ள நுழைவு முறைகளை நம் ஊர்த் தேநீர்க் கடையிலும் விவாதிக்கின்றனர். இவற்றின் நுழைவுத் தேர்வு எந்தத் திங்களில் வரும் என்று கேட்டால் விடை சொல்வார் அரியர். விண்ணப்பம் அனுப்பாத இடத்தை நமக்காக யாரும் காத்து வைத்திருக்கப் போவதில்லை.

நிறைவாகச் சங்கப் பொறுப்பாளர்களிடம் மூன்று வேண்டுகோள். ஆண்டுதோறும் வழங்கும் உதவித்தொகைகளுள் ஒன்றை வரையும் பிள்ளைக்கென ஒதுக்கித் தாருங்கள். அதற்கு மதிப்பெண்ணை மட்டும் அளவுகோலாக வைக்க வேண்டா. அடுத்து, நூலகத்தில் 'பீமாயணம்' ஒரு படியேனும் இடம்பெற வேண்டும். அதைப் பூட்டிய பேழைக்குள் வைக்காமல், எட்டு வயதுக் குழந்தைக்குக் கையெட்டும் தட்டில் வையுங்கள். தாள் கசங்கினால் கசங்கட்டும். மூன்றாவது செலவு குறைந்தது. மாலை வகுப்பு நடக்கும் கட்டடத்தின் கிழக்குச் சுவர் விழாவிற்கென வெள்ளையடிக்கப்பட்டு வெறுமையாய் இருக்கின்றது. அதில் விளம்பரம் எதுவும் எழுத இசைவளிக்க வேண்டா. வரும் ஞாயிறன்று காவிக்கல், சுண்ணாம்பு, கரி, நீலம் ஆகியவற்றைக் குழைத்துக் கொட்டாங்கச்சிகளில் ஊற்றி வைக்க இளைஞர்கள் சிலர் முன்வந்துள்ளனர். மரவட்டை வரைந்த சிறுமியிடம் முதலிடம் கேட்டுச் சொல்லியிருக்கின்றோம். அவள் சுவரின் முழு நீளமும் வேண்டும் என்கிறாள்.